காது இரைந்த காய்ச்சலும் தகரக் கிண்ணமும்

நெரவியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு காரைக்காலில் மூன்று மருந்துக்கடைகளை எழுப்பினேன். முதல் கடை, மீன் கூடை இறக்கி வைக்கக்கூட ஒருவரும் கேட்காத ஓட்டைக் கொட்டகை. கூரையை நானே ஏறி வேய்ந்தேன். மூன்றாவது கடைக்கு மாடி உண்டு, மாடியில் மின்விசிறி உண்டு. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. இரண்டிலும் டாக்டர்கள் கிறுக்கிய மருந்துச் சீட்டுகளை நாற்பது வருஷம் எழுத்துப் பிசகாமல் படித்தேன். பட்டம் வாங்கிய பிள்ளைகள் சீட்டை என் முன்னால் நீட்டி, "இது என்ன எழுத்துங்க ஐயா?" என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் வேலை பார்த்த ஆறு பேர் இன்று தனிக்கடை முதலாளிகள். பெயர் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவது என் தப்பு. மருந்துக்கடைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளும் தங்கைகளும், இந்த ஆள் தப்பு செய்தே காலத்தை ஓட்டினவன் என்று நினைத்துவிடக் கூடாது.

ஐம்பத்தேழாம் வருஷம். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி மூன்று வருஷம்கூட முடியவில்லை. நான் கடை வைத்து ஆறேழு மாதம். அதற்கு முன் எட்டு வருஷம் இன்னொருவர் மருந்துக்கடையில் சீசா கழுவினேன். கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கம்பவுண்டர் ஆனவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

ஆனி வெயிலில் அந்தக் காய்ச்சல் வந்தது. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்தது என்றார்கள். முதலில் மண்டபத்தூரில் வலைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் படுத்தார்கள். அடுத்த வாரம் படகு தள்ள ஆள் இல்லை. அதற்கடுத்த வாரம் நெரவியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்ப ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். சினிமாக் கொட்டகை தானாகவே மூடிக்கொண்டது. மாங்கனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சாமி புறப்பட்டால் கூட்டம் சேருமே, சேரலாமா கூடாதா என்று ஊரில் இரண்டு கட்சி. வாசலுக்கு வாசல் வேப்பிலை. கழுத்துக்குக் கழுத்து கற்பூரப் பொட்டலம். பேருந்தில் ஒருவர் தும்மினால் இரண்டு இருக்கை காலியாகும். தும்மினவர் மானம் போய், "மூக்குப்பொடிங்க, மூக்குப்பொடி" என்று சத்தியம் செய்வார்.

என் கடை வாசலில் காலை ஏழு மணிக்கே நாற்பது பேர் நின்றார்கள்.

அந்தக் காலத்துக் காய்ச்சல் மிக்சர் இப்போதுபோல மூடி முத்திரையோடு வருவதில்லை. ஜாடியில் நாங்களே கலந்து வைத்திருப்போம். சீசாவில் ஊற்றி, அதன் பக்கவாட்டில் நீளமாக ஒரு காகிதத் துண்டை ஒட்டுவோம். காகிதத்தின் ஓரத்தில் பல்பல்லாக வெட்டு இருக்கும். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்கு மருந்து இறங்கினால் ஒரு வேளை. குழந்தைக்கு அதில் பாதி. படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்த்துக் குடித்துவிடலாம். வேளைக் காகிதம் என்று பெயர். என் வீட்டுக்காரி மத்தியானத்தில் உட்கார்ந்து நூறு நூறாக வெட்டித் தருவாள். எல்லாம் எங்கள் கடையின் ஆறு வேளைச் சீசாவுக்கு அளவெடுத்து வெட்டியவை.

இரண்டாம் வாரத்தில் கடைச் சீசாக்கள் தீர்ந்தன. தஞ்சாவூரிலும் இல்லை, நாகப்பட்டினத்திலும் இல்லை. "வீட்டிலேருந்து சீசா கொண்டாங்க, ஊத்தித் தர்றேன்" என்று சொன்னேன். அது காரைக்காலுக்குச் சொல்லக்கூடிய வார்த்தையா? எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. இந்தப் பக்கம் கிடையாது. அங்கிருந்து வந்தவர்கள் குடித்துவிட்டுப் போட்ட காலிச் சீசாக்கள் ஊர் முழுக்கக் கிடந்தன. ஒல்லி, குண்டு, சதுரம், பூசணிக்காய் மாதிரி அடிவயிறு விரிந்தது. பெண்கள் வெந்நீரில் அலசிக் கொண்டுவந்து நீட்டினார்கள். சாராய வாசனை ஆகாத முஸ்லிம் வீடுகளிலிருந்து பன்னீர்ச் சீசாவும் சர்பத்துச் சீசாவும் வந்தன.

"வூட்டுல நாலு பேரு படுத்துட்டாங்க, நெறைய ஊத்துங்க கம்பவுண்டரே."

ஊற்றினேன். அளக்க நேரமில்லை. புனலை வைத்துக் கழுத்துவரை ஊற்றி, வேளைக் காகிதத்தை ஒட்டி நீட்டினேன். சீசா உயரமாக இருந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு காகிதம்.

தப்பு எங்கே என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிய ஐந்து நாள் ஆயிற்று.

நாலாம் நாள், நெரவியிலிருந்து ஒருவர் வந்து, "அண்ணே, காய்ச்சல் பரவாயில்ல. காதுக்குள்ளதான் தவள கத்துது" என்றார். சிரித்தேன். அதே காலையில் இன்னொரு பெண், "காதுல வண்டு." மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பேர். சாயங்காலம் ஊருக்கே தெரிந்த செய்தியாகிவிட்டது: இந்தக் காய்ச்சல் காது வழியாக நுழைகிறது, மூளைக்குப் போகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் காரைக்காலில் பாதிப் பேர் காதில் பஞ்சு. யாரைக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. சிலர் பஞ்சைக் கற்பூர எண்ணெயில் நனைத்தார்கள், சிலர் பூண்டு வைத்தார்கள், ஒரு வீட்டில் சூடான எண்ணெயை விட்டுப் பையன் அலறினான். என் கடையில் பஞ்சு ஒரே காலையில் தீர்ந்தது. ஆமாம், நான்தான் விற்றேன். காதை இரைய வைத்ததும் நான், அதற்குப் பஞ்சு கொடுத்ததும் நான்.

நாகூரிலிருந்து வருகிற பேருந்தின் கண்டக்டர் இருமல் மாத்திரைக்கு வந்தவர், வரிசையைப் பார்த்துக் கிண்டல் செய்தார்.

"என்னாங்கடா இது, காதுல பஞ்சு! எங்க பக்கமும் இதே காய்ச்சல்தான். ஒருத்தனுக்கும் காது இரையல. காரைக்கால் காய்ச்சல் மட்டும் நாதஸ்வரம் வாசிக்குதோ?"

வரிசையில் நின்றவர்கள் அவரைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை எங்கேயோ முள்ளாகத் தைத்தது. என்ன என்று யோசிப்பதற்குள் அடுத்த ஆள் சீசாவை நீட்டினார். தருமபுரத்துச் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெரிய மீசை, கையில் பிராந்திச் சீசா, என் காகிதம் இரண்டும் ஒட்டியபடி.

"மறுபடி ஊத்து, தம்பி."

"நாலு நாள் முந்திதானே வாங்கினீங்க? இவ்ளோ பெரிய சீசா, பத்து நாள் வருமே. வேற யாருக்காச்சும் கொடுத்தீங்களா?"

"நான் ஒருத்தன்தான். நீ போட்ட கோட்டுப்படி குடிச்சேன். பட்டாளத்துக்காரன்டா நான், கோட்டை மீற மாட்டேன்."

"காது?"

"என்னது?"

"காது எப்படி இருக்கு?"

"பீரங்கி சுட்டுக்கிட்டே இருக்கு. பழக்கம்தான்."

அந்தச் சீசாவைக் கையில் வாங்கினேன். எங்கள் கடைச் சீசா ஒன்று அலமாரியில் மிச்சமிருந்தது, அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே காகிதம், ஒரே வெட்டு. ஒன்று என் மணிக்கட்டுப் பருமன், மற்றது என் முழங்கைப் பருமன். அந்தச் சீசாவில் ஒரு வெட்டு இறங்கினால் ஒரு வேளை அல்ல, இரண்டரை வேளை. அந்த மிக்சர் அளவு மீறினால் முதலில் இரைவது காதுதான். ஊருக்குக் காதை இரைய வைத்தது காய்ச்சல் இல்லை. ஊருக்கு என் மருந்து அதிகமாகிவிட்டது.

எட்டு வருஷம் சீசா கழுவியவன் சீசாவைப் பார்க்க மறந்தேன்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். அந்த நிமிஷத்தில் எனக்குள் ஓடிய முதல் நினைப்பு ஜனங்களைப் பற்றியது அல்ல. 'யாருக்கும் தெரியாது' என்பதுதான். பழியைக் காய்ச்சல் ஏற்றுக்கொண்டுவிட்டது. இனிமேல் சரியாக ஒட்டினால் போதும், இரைச்சல் இரண்டு நாளில் அடங்கிவிடும், பஞ்சு கேட்டது என்று ஊர் நம்பிவிட்டுப் போகும். பெரிய உடம்புக்காரர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

அப்போது ஒரு சதுர சர்பத்துச் சீசா ஞாபகம் வந்தது. நான் நிரப்பியதிலேயே குண்டானது அதுதான். கொண்டுவந்தவள் மரியம் பீவி. புருஷன் சைகோனில் வியாபாரம். மருந்து அவளுக்கு அல்ல. நாலு வயதுப் பெண் குழந்தைக்கு. வீட்டில் கடிகாரம் இல்லை என்றாள். நான்தான் சொல்லியிருந்தேன்: "காலைல, மத்தியானம், சாயங்காலம், பள்ளிவாசல்ல பாங்கு கேட்டதும் அரை வெட்டு கொடுங்க தங்கச்சி, தவறாதீங்க." அவள் தவற மாட்டாள். அன்றோடு மூன்றாம் நாள்.

வெளியே எட்டிப் பார்த்தேன். நிழல் காலடிக்கு வந்துவிட்டது. மத்தியானத்து லுஹர் பாங்குக்கு நேரம் நெருங்கிவிட்டது.

கடைக் கதவை இழுத்து மூடினேன். "என்னாச்சு?" என்று கூட்டம் கத்தியது. "மருந்து தீந்துபோச்சு" என்றேன். பொய். பயம்தான் அப்படிப் பேச வைத்தது. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று மத்தியானம் எத்தனை பேர் இன்னும் ஒரு வேளை குடித்தார்களோ, அது அந்தப் பொய்யின் கணக்கு. மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது பாங்கு ஆரம்பித்துவிட்டது. வாசலில் மரியத்தின் அண்ணன் நின்றிருந்தார். கப்பலில் வேலை பார்த்தவர், கதவளவு ஆகிருதி.

"எங்க போறீங்க? பொம்பளைங்க இருக்கிற வூடு."

"தங்கச்சி! மருந்து கொடுக்காதீங்க! கீழ வைங்க!" என்று அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்துக் கத்தினேன்.

உள்ளே மரியம் குழந்தையை மடியில் சாய்த்து, மருந்து ஊற்றிய பாலாடைச் சங்கை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். அப்படியே நின்றது கை. குழந்தை கண்ணை மூடியிருந்தது. ஓடி வந்த நாய்க்குட்டி மாதிரி மூச்சு மேல்மூச்சு வாங்கியது. காதில் பஞ்சு.

"ஏன் கொடுக்கக் கூடாது? நேத்துலேருந்து புள்ள மோசமா இருக்கு. அதனாலதான் கொஞ்சம்கூடத் தவறாமக் கொடுக்கிறேன்" என்றாள்.

மருந்து தீர்ந்துபோனது என்று இவளிடம் சொல்ல முடியாது. பாலாடையில் மருந்து இருக்கிறது. மாற்று மருந்து கொண்டுவந்தேன் என்று சொல்லலாமா? நாக்கு நுனிவரை வந்தது. குழந்தையின் மூச்சைப் பார்த்தேன். டாக்டருக்கு உண்மை தெரியாவிட்டால் இந்த மூச்சைச் சளி என்று நினைத்து அதற்கு வைத்தியம் பார்ப்பார்.

"நான் தப்பா காகிதம் ஒட்டிட்டேன் தங்கச்சி. மருந்து மூணு பங்கு உள்ள போயிருக்கு. இது காய்ச்சல் இல்ல. என்னாலதான்."

அண்ணன் என் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான் தெறித்தது. "புள்ளைக்கு ஒண்ணு ஆனா உன்னைக் கடல்லதான் தேடணும்" என்றார்.

"விடுங்க நானா" என்று அண்ணனைத் தடுத்தாள் மரியம். குரல் ஏறவே இல்லை. "அடிக்கிறதா இருந்தா அப்புறம் அடிங்க. இப்ப அவரு காலு நமக்கு வேணும். டாக்டரக் கூட்டியாரட்டும்."

அந்த வார்த்தைக்கு நான் இன்றுவரை கடன்பட்டவன். அவ்வளவு தெளிவு எனக்கு அன்று இல்லை.

டாக்டர் தாமே காய்ச்சலில் படுத்திருந்தார். மூன்று நாளாக யாரையும் உள்ளே விடவில்லை. ஜன்னல் பக்கம் நின்று கத்திச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"எத்தனை வேளை, சாமிக்கண்ணு? எவ்வளவு உள்ள போயிருக்கு? சுமாரா சொல்லாதே."

மிச்ச மருந்தைச் சீசாவோடு கொண்டுபோயிருந்தேன். அவர் ஜன்னல் படியில் வைத்தே அளந்து சொன்னேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜட்கா வண்டியில் ஏறினார். வெயிலில் நடுங்கிக்கொண்டே வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். சோடா உப்பு கலந்த தண்ணீரைப் பாலாடையால் துளித்துளியாகக் கொடுக்கச் சொன்னார். வாந்தி எடுத்தாள், மறுபடியும் கொடுக்கச் சொன்னார். நான் வாசலில் நின்றேன். மரியத்தின் அண்ணன் எனக்கு எதிரே நின்றார். உள்ளேயிருந்து வரும் மூச்சுச் சத்தத்தை இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் அஸர் பாங்குக்குச் சற்று முன் குழந்தை அழுதது. நல்ல, சண்டைக்கார அழுகை. காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தது. அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து, "பொத்தான் எங்க விழுந்துச்சுன்னு பாருங்க" என்றார்.

டாக்டர் வெளியே வந்தார். "ஒரு புள்ள தப்பிச்சுது. மத்த சீசாவெல்லாம்? மேரியில சொல்லி தண்டோரா போடச் சொல்லு. கடை மருந்தை யாரும் குடிக்கக் கூடாதுன்னு."

மேரி என்றால் நகராட்சி அலுவலகம். அவர் படித்தவர், எனக்கு ஜாடி கலக்கக் கற்றுக்கொடுத்தவர். ஆனாலும் அன்று நான் அவருக்கு மறுப்புச் சொன்னேன்.

"வேணாங்க ஐயா. தண்டோராக்காரன் ரெண்டு வரிக்கு மேல சொல்ல மாட்டான். மருந்து விஷம்னு ஆயிடும். சரியான அளவுல குடிக்கிறவனும் கொட்டிடுவான். நாளைக்கு உங்க ஊசியையும் வேணாம்பான்."

"அப்ப என்னதான் பண்ணப் போறே?"

"எந்த வீட்டுல எந்த சீசான்னு எனக்குத் தெரியும். பேரை மறப்பேன், சீசாவை மறக்க மாட்டேன்."

சீசா கழுவியதைப் பெருமை என்றேனே, அது இதற்குத்தான். ஆனால் சீசாவைக் கண்டுபிடித்தால் போதுமா? காகிதத்தைக் கிழித்துவிட்டால் பிறகு எதால் அளப்பார்கள்? கரண்டி வீட்டுக்கு வீடு வேறு, பாலாடை வேறு. ஊர் முழுவதும் ஒரே அளவாக எது இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளினேன். சாராயக்கடை வாசலில் ஒருவர் தகரக் கிண்ணத்தை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பதில் அங்கே இருந்தது.

தகர வேலைக்காரரின் கடைக்கு ஓடினேன். சாராயக்கடைக்கென்று அடித்த சின்னக் கிண்ணங்கள் புதிதாக அடுக்கி வைத்திருந்தார். ஒன்றில் தண்ணீர் ஊற்றி என் கண்ணாடிக் குவளையில் அளந்தேன். விளிம்புவரை சரியாக ஒரு வேளை.

"இதெல்லாம் எனக்கு வேணும். உள்ளே பாதியில ஒரு கீறல் போட்டுக் கொடுங்க, குழந்தைங்களுக்கு."

"நாளைக்குச் சாராயக்கடைக்காரன் வந்து என்னை உதைப்பான்யா."

"எனக்கு உதை வரிசையில நிக்குது, அதையும் சேத்துக்கிறேன். போடுங்க."

முதலில் கடை வாசலுக்குத்தான் போனேன். கூட்டம் இன்னும் கலையவில்லை. மருந்து தீரவில்லை, நான் சொன்னது பொய், நான் ஒட்டிய காகிதம் தப்பு என்று படியில் நின்று சொன்னேன். ஒரு செருப்பு வந்தது. குனிந்துகொண்டேன். சொல்தா முன்னால் வந்து நின்று, "பீரங்கிக்கே சாகாதவன், இவன் கோட்டுக்கா சாவேன்? கிண்ணத்தைக் கொடுடா" என்றார். அவர் வாங்கியதும் மற்றவர்களும் வாங்கினார்கள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கடையைத் திறக்கவில்லை. தருமபுரம், நெரவி, மண்டபத்தூர் என்று வீடு வீடாகப் போனேன். காகிதத்தைக் கிழித்தேன், கிண்ணத்தைக் கொடுத்தேன், காதிலிருந்து பஞ்சை எடுக்கச் சொன்னேன். "விஷக் கம்பவுண்டர் வர்றான்" என்று குழந்தைகள் முன்னால் ஓடின. முஸ்லிம் தெருவில் ஒரு பெரியவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சாராயக்கடைச் சாமான்தானே?"

"போறதுக்கு முந்தியே பிடிச்சிட்டேன் பாய். இன்னும் ஒரு சொட்டும் படல."

"அப்ப ஹலால்தான்" என்று சிரித்து வாங்கிக்கொண்டார்.

காய்ச்சல் இன்னும் ஒரு மாதம் ஊரைச் சுற்றியது. சிலரைக் கொண்டுபோனது. என் சீசாவால் ஒருவரும் போகவில்லை. காது இரைச்சல் நாலாம் நாள் ஊரை விட்டே போய்விட்டது. நான் உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: பத்துப் பேர் ஒரே புகாரோடு வந்தால், நோயைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கையைப் பாருங்கள். தப்பு தெரிந்த நிமிஷத்தில் வாய் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கும். அதை முந்திக்கொண்டு பேசுங்கள். என்னால் முதல் தடவை முடியவில்லை.

அன்றிலிருந்து என் கடையில் சீசா வாங்கியவருக்கெல்லாம் கிண்ணம் கொடுத்தேன். மற்றக் கடைக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களும் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் மூடி வருகிறவரை காரைக்காலில் மருந்து என்றால் தகரக் கிண்ணமும் சேர்த்துத்தான்.

போன மாதம் நம் மருந்துக்கடைக்காரர்கள் சேர்ந்து அந்த டாக்டரின் படத்தைத் திறந்தீர்கள். நானும் வந்திருந்தேன், மூன்றாம் வரிசை. படத்துக்குக் கீழே, 'மருந்தோடு அளவுக் கிண்ணம் தரும் வழக்கத்தை இவ்வூரில் தொடங்கிவைத்தவர்' என்று எழுதியிருந்தது. கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை.

டாக்டருக்கு மாலை போடுங்கள். பெரிய மாலையாக நானே வாங்கித் தருகிறேன். காய்ச்சலோடு வண்டியேறி வந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றியவர் அவர். அதை எழுதுங்கள், அதுவே போதும். கிண்ணம் அவருடையது அல்ல. அவர் தண்டோரா போடச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். அந்த வரியை அழித்துவிட்டு, என் படம் வேண்டாம், ஒரு தனிப் பலகையில் எழுதுங்கள்: தப்பான காகிதத்தை ஒட்டியவன் நெரவி சாமிக்கண்ணு; அதைக் கிழித்துக் கிண்ணம் கொடுத்தவனும் நெரவி சாமிக்கண்ணு. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். எது ஒன்றை விட்டாலும் பலகையை நானே வந்து கழற்றுவேன். மூன்று கடைக்கும் பலகை மாட்டியவன் நான், கழற்றவும் தெரியும்.